பூந்திக்கொட்டையில் துவைத்த சீருடை

1

போன ஆண்டு இந்த இதழில் நான் எழுதிய கட்டுரைக்கு இன்னமும் யாராவது பதில் எழுதுகிறார்கள். சென்ற வாரம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். மருமகளுக்குக் கை முழுக்கக் கொப்புளமாம். கடையில் விற்கும் சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லையாம். "மலேசியாவில் இருந்துகொண்டே நீங்கள் பூந்திக்கொட்டையில் துவைக்கிறீர்கள். உள்ளூரில் இருக்கிற எங்களுக்கு அது தோன்றவில்லை பாருங்கள். செய்முறையைக் கொஞ்சம் விளக்கமாக அனுப்புங்கள்" என்று எழுதி, கும்பிடும் கைகளையும் போட்டிருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அதனால் அவருக்கும் மற்றவர்களுக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

செய்முறை எளிது. காய்ந்த கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எறிந்துவிட வேண்டும். தோலை நன்றாக ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து, துணியில் வடிகட்டினால் நுரைக்கும் பழுப்பு நீர் கிடைக்கும். ஒரு நடை துவைக்க ஒரு குவளை போதும். பட்டுக்கு நல்லது. சாயத் துணிக்கு நல்லது. கொப்புளம் உள்ள மருமகளின் கைக்கும் அநேகமாக நல்லதுதான் செய்யும். போன ஆண்டு நான் எழுதியதில் இதுவரைக்கும் பொய் எதுவும் இல்லை.

எழுதாமல் விட்டவை உண்டு. வெள்ளைத் துணியை அது வெள்ளையாக வைத்திருக்காது. கடைத்தூளில் வெண்மையைக் கூட்டிக் காட்டும் பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். கொட்டையில் அது கிடையாது, போதாததற்குக் கொட்டையின் பழுப்பும் நூலில் மெல்ல ஏறும். வாசனையும் கிடையாது. அப்புறம், அது கெட்டுப்போகும். இந்த ஊர் வெப்பத்தில் வெளியே வைத்தால் சீக்கிரமே புளித்து நாறிவிடும். ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள் என்று அப்போது நினைத்தேன்.

2

நான் வேதியியல் படித்தவன். சாயப்பட்டறைகள் நிறைந்த ஊர்ப்பக்கம் பிறந்தவன். எங்கள் கிணற்றில் ஒரு நாள் ஊதாத் தண்ணீர் வரும், மறுநாள் பச்சை வரும். முதலில் தென்னைகள் போயின, அப்புறம் மாடுகள், கடைசியில் தோட்டமே போனது. வேலை தேடி இங்கே வந்தபோது, இனி என் வீட்டுச் சாக்கடையில் நுரையும் சாயமும் ஓடக்கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரந்தாவிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு செம்பனைத் தோட்டம். தோட்டத்துக்குள்ளேயே பாமாயில் எடுக்கும் ஆலை. அதன் ஆய்வுக்கூடத்துக்கு நான் பொறுப்பு. எண்ணெயில் ஈரம் எவ்வளவு, அமிலம் எவ்வளவு, கழிவுநீர்க் குளங்களின் நிலை என்ன என்று பார்த்துச் சொல்வது என் வேலை. குடியிருப்பது ஆலைக்குப் பின்னால் உள்ள ஊழியர் வீட்டில். மனைவி சாந்தி ரந்தாவில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ரப்பர் காலத்தில் பால்மரம் சீவியவர்கள். சிரம்பானில் லோபாக் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். மகள் தர்ஷினிக்குப் பதினான்கு வயது.

தர்ஷினி கைக்குழந்தையாக இருந்தபோது கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் வெடித்து நீர் வடியும். களிம்புகள் பூசிப் பார்த்தோம். ஒரு விடுமுறையில் ஊருக்குப் போனபோது பூந்திக்கொட்டை வாங்கி வந்தேன். அவள் துணிகளை அதில் துவைக்க ஆரம்பித்தோம். தோல் ஆறியது. கொட்டையால் ஆறியதா, வயது ஏற ஏறத் தானாகவே ஆறியதா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. அன்று நான் ஜெயித்ததாக நினைத்தேன். பிறகு வீட்டுத் துணிகள் எல்லாமே கொட்டை நீருக்கு மாறின. ஊருக்குப் போகும்போதெல்லாம் பெட்டியில் பாதி இடம் கொட்டைக்குத்தான். சாந்தி சேலைக்கு இடம் கேட்டுச் சண்டை போடுவாள்.

விருந்தாளிகள் வந்தால் எனக்கு ஒரு வித்தை உண்டு. கொட்டை நீரில் விரலை முக்கி நாக்கில் வைத்துக் காட்டுவேன். "சோப்புத்தூளை இப்படி நக்க முடியுங்களா? குடலுக்குள்ள போனாலும் ஒண்ணும் செய்யாது" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், சிலர் கைதட்டுவார்கள். தர்ஷினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளே பாட்டிலை எடுத்து வந்து, "அப்பா, நக்கிக் காட்டுங்க" என்பாள். அந்தக் கசப்பு தொண்டையைப் பிடிக்கும். அவர்கள் போனதும் பின்கட்டுக்குப் போய் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வருவேன். அதைப் பார்த்தது சாந்தி மட்டும்தான்.

3

செம்பனை ஆலைக்கு ஒரு வாடை உண்டு. வேகவைத்த குலையின் எண்ணெய் வாடை, அதற்கு அடியில் கழிவுநீர்க் குளங்களின் புளித்த வாடை. புகைபோக்கியிலிருந்து கரித்துகளும் விழும். காற்று எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பும் நாட்களில் கொடியில் காயும் துணி இரண்டையும் வாங்கிக்கொள்ளும். பக்கத்து வீடுகளில் வாசனைத் தூளில் துவைக்கிறார்கள், அதற்கு மேல் வாசனைத் திரவமும் ஊற்றுகிறார்கள். அவர்கள் துணியிலும் ஆலை வாடை ஏறத்தான் செய்கிறது. மல்லிகையோ லாவெண்டரோ அதை மூடிவிடுகிறது. எங்கள் துணியில் மூட எதுவும் இல்லை.

இதை இப்போது எழுதுகிறேன். அன்று இப்படி ஒரு கணக்கு என் மூளையில் ஓடவே இல்லை. ஆலைக்குப் புதிதாக வருகிறவர்கள் மூக்கைச் சுளிக்கும்போது, எதற்காகச் சுளிக்கிறார்கள் என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

தர்ஷினி ஆரம்பத்தில் தமிழ்ப்பள்ளியில் படித்தாள். அங்கே பாதிப் பிள்ளைகள் தோட்டத்துப் பிள்ளைகள், யார் சட்டையை யார் முகர்ந்து பார்ப்பது? இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பட்டணத்துப் பிள்ளைகளோடு சேர்ந்தாள். அங்கே எல்லாம் மலாயும் ஆங்கிலமும். வீட்டில் தமிழ் குறைந்தது. கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில், பிறகு தோளைக் குலுக்குவது, பிறகு அறைக்கதவு. வயசுதான் என்று நானும் சாந்தியும் பேசிக்கொண்டோம். பள்ளிச் சீருடை வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும். மற்ற பிள்ளைகளின் வெள்ளை நீலம் கலந்து மின்னும். இவளுடையது மோர் நிறத்தில் இருக்கும். "இதுதான் பருத்தியோட உண்மையான நெறம் கண்ணு" என்று ஒரு நாள் விளக்கினேன். அவள் புத்தகப்பையை மார்போடு அணைத்துச் சட்டையை மறைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடியில் இருந்த அவள் சட்டையைத் தொட்டேன். குப்பென்று பூ வாசனை.

"இதென்ன வாசம்?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

சாந்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "கடைக்குப் பக்கத்துல டோபி இருக்குங்க. காசு போட்டா மெசினே தொவைச்சுக் குடுத்துரும். சட்டைய மட்டும்தான் போட்டேன். மத்ததெல்லாம் உங்க கொட்டைலதான் கெடக்கு."

"எத்தன நாளா நடக்குது?"

"புள்ள கேட்டுச்சு லா. வெள்ளையா வேணும்னு கேட்டுச்சு. இதுக்குப் போய் போலீசு மாதிரி நிக்கிறீங்க."

சத்தம் கேட்டுத் தர்ஷினி வெளியே வந்தாள். "விடுங்கபா. அது என் சட்டை."

"உன் தோலுக்கு அது சேராது கண்ணு. சின்னதுல எப்படி இருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்காது."

"என் தோலுக்கு ஒண்ணும் இல்ல. நான் நாறுறேன்பா."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

பக்கத்தில் காய்ந்த என் சட்டையை எடுத்து முகத்தில் வைத்து ஆழமாக மூச்சை இழுத்தேன். "ஒரு வாசமும் இல்ல. அதுதான் சுத்தம். சுத்தத்துக்கு வாசம் கெடையாது."

"உங்களுக்குத் தெரியாதுபா. நீங்க மில்லுக்குள்ளயே இருக்கீங்க."

நான் சிரித்தேன். பட்டணத்துப் பிள்ளைகளின் பகட்டு என்று நினைத்தேன். பிறகு அந்தப் பூ வாசனைச் சட்டையைக் கொண்டுபோய், என் கையாலேயே கொட்டை நீரில் முக்கி, வாசனை போகும்வரை கசக்கினேன். வெள்ளை வேண்டும் என்றாளே என்று எலுமிச்சையைப் பிழிந்து வெயிலில் போட்டேன். காய்ந்தபோது தோளில் மஞ்சள் திட்டு விழுந்திருந்தது. மறுநாள் அதைத்தான் போட்டுக்கொண்டு போனாள். வேறு சட்டை ஈரமாக இருந்தது.

4

அடுத்த வீட்டில் இருப்பவர் ரோஸ் அக்கா. மலாய்க்காரர். மலாயில் அக்காவுக்கு 'காக்' என்பார்கள், நாங்களும் 'காக் ரோஸ்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் கணவர் ஆலையில் கொதிகலன் பார்க்கிறார். காக் ரோஸ் ரந்தாவ் இரவுச் சந்தையில் குளிர்பானம் விற்பவர். இங்கே 'மாத்தா கூச்சிங்' என்று ஒரு பானம் உண்டு. காய்ந்த ஒரு பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சி, குளிரவைத்துக் குடிப்பார்கள். அந்தப் பழமும் பூந்திக்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பம். காய்ந்தபின் பார்த்தால் எனக்கே சட்டென்று வித்தியாசம் தெரியாது. காய்ச்சிய நீரும் அதே பழுப்பு. சந்தையில் மிஞ்சியதை அவர் பாட்டிலில் ஊற்றித் தர்ஷினிக்குக் கொடுப்பார். காலிப் பாட்டிலைக் கழுவி அதில்தான் நாங்கள் கொட்டை நீரை ஊற்றி ஃபிரிட்ஜில் வைப்போம். வெள்ளை மூடி பானத்துக்கு, சிவப்பு மூடி கொட்டைக்கு. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

ஒரு பிற்பகலில் காக் ரோஸ் எனக்குப் போன் செய்தார். பள்ளி விட்டு வந்த தர்ஷினி சமையலறையில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டு உள்ளே போயிருக்கிறார்.

"மணி, உடனே வா. பிள்ளை வாயில் நுரை நுரையாக வருகிறது."

"என்ன குடித்தாள்?"

"ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில். சிவப்பு மூடி."

"தாக் ஆப்பா, காக்" என்றேன். பரவாயில்லை என்று அதற்குப் பொருள். "அது இயற்கையானதுதான். தண்ணீர் கொடுங்கள், சரியாகிவிடும்."

அந்த வார்த்தைகள் அவ்வளவு எளிதாக என் வாயிலிருந்து வந்தன.

"இயற்கையோ என்னவோ, பிள்ளைக்கு மூச்சு வரவில்லை!" என்று மலாயில் கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, சந்தைக்குச் சாமான் ஏற்றும் தன் வேனின் பின்பக்கத்தில் அவளைக் கிடத்தியிருந்தார். தர்ஷினியின் உதடு நீலமாகியிருந்தது. இருமும்போதெல்லாம் மூக்கிலும் நுரை வந்தது. சிரம்பான் போகும்வரை அவள் தலை என் மடியில் இருந்தது. ஏதோ சொல்ல முயன்றாள். சத்தம் வரவில்லை.

5

மருத்துவமனைக்குள் கொண்டுபோன பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. பதிவு மேசையில் அடையாள எண். பெற்றோர் எந்த நாட்டவர். தாய் மலேசியர், தந்தை இந்தியர், வேலை அனுமதியில் இருப்பவர். அனுமதி எப்போது முடிகிறது. அனுமதிப் பத்திரத்தைப் போனில் தேடினேன், கிடைக்கவில்லை.

உள்ளே இளம் பெண் மருத்துவர் மலாயில் கேட்டார், "என்ன குடித்தாள்?"

"சாபூன்" என்றேன். சோப்பு.

"எந்தக் கம்பெனி சோப்பு?"

"கம்பெனி இல்லை. பழம். சோப்புப் பழம்."

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தி என்னைப் பார்த்தார். அதன் தாவரப் பெயர் எனக்குத் தெரியும், கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் நாக்கில் வரவில்லை. தமிழ் மிஸ்ஸி ஒருவரைக் கூப்பிட்டார்கள். இங்கே தாதியை அப்படித்தான் சொல்கிறோம்.

"அண்ணே, என்னா அது? சீயக்காயா?"

"இல்லம்மா. பூந்திக்கொட்டை."

"அப்படீன்னா என்னாண்ணே? கேள்விப்பட்டதே இல்லையே."

கடைசியில் போனில் ஒரு படத்தைத் தேடிக் காட்டினேன். விஷம் பற்றி ஆலோசனை சொல்லும் இடத்துக்கு மருத்துவர் போன் செய்து பேசினார். வயிற்றைப் பற்றிப் பெரிய பயம் இல்லை என்றார். வாந்தி எடுத்தபோது நுரை மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது, நுரையீரல் வீங்கியிருக்கிறது, பிராணவாயு வைக்கிறோம், இன்றும் நாளையும் பார்க்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தெரியாமல் குடித்தாளா, தெரிந்து குடித்தாளா?"

"தெரியாமல்தான். பாட்டில் மாறிவிட்டது." மாத்தா கூச்சிங் கதையைச் சொன்னேன். அவருக்கு அது உடனே புரிந்தது. இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் புரியும்.

"அது கசக்குமா?"

"கொஞ்சம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? முதலில் வந்தது போலீஸ் பயம். தற்கொலைக்கு முயல்வது இந்த நாட்டில் குற்றம் என்று எப்போதோ யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. பிள்ளையைக் கொண்டுபோவார்களா, என் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்களா என்று அந்த வராந்தாவில் நின்று யோசித்தேன். மகள் உள்ளே மூச்சுக்குத் தவிக்கும்போது ஓர் அப்பனின் மனம் எங்கெல்லாம் போகிறது என்று அன்று தெரிந்தது.

அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். பாட்டில் தொட்டியருகே நின்றது. காலையில் நானே கழுத்துவரை நிரப்பி வைத்தது. இப்போது பாதிக்கும் கீழே இருந்தது. கீழே சிந்திய தடம் எதுவும் இல்லை. சிவப்பு மூடி பக்கத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

ஒரு விரல்நுனி கசப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் ஒரு மடக்குக் குடிக்கலாம். இரண்டாவது மடக்கைத் தெரியாமல் குடிக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது.

வெளியே காக் ரோஸ் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "என் பாட்டில். என் பாட்டிலால்தான்" என்றார். "இல்லை காக், உங்களால் இல்லை" என்றேன்.

6

கடையிலிருந்து நேராக வந்திருந்த சாந்தி, மருத்துவமனை வராந்தாவில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். அவள் அழவில்லை. தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"கிலாங்குன்னு கூப்புடுவாங்களாம்" என்றாள்.

"யார?"

"அவளத்தான். கிலாங்னா ஆலை. அவ வகுப்புக்குள்ள வந்தா ஒருத்தி மூக்கப் பொத்திக்கிட்டு 'கிலாங் வந்துருச்சு'ன்னு கத்துவாளாம். பஸ்ல பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்களாம். ஒரு வருசமா. அதான் நான் டோபிக்குக் கொண்டு போனேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அவ சொன்னாளே. என் முன்னாலதான சொன்னா. நாறுறேன்பான்னு. நீங்க சிரிச்சீங்க."

மறுநாள் அந்த மருத்துவர் வந்ததும் நானாகவே அவரிடம் போனேன். "நேற்று ஒன்று தவறாகச் சொன்னேன். அது கொஞ்சம் கசக்காது. மிகவும் கசக்கும். பாட்டிலில் பாதிக்கு மேல் குடித்திருக்கிறாள்." என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நன்றி சொன்னார். போலீசா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்துவிட்டு, ஆலோசகர் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்.

ஆலோசகர் ஒரு சீனப் பெண். மிகவும் இளையவர். பிராணவாயு முகக்கவசத்தை எடுத்துவிட்டுத் தர்ஷினி பேசக்கூடிய நிலைக்கு வந்ததும், எங்களை வெளியே அனுப்பித் திரையை இழுத்துக்கொண்டார். திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஆங்கிலமும் மலாயும் கலந்து வேகமாக ஒரு பேச்சு. கரகரத்துப்போன அந்தக் குரல் என் மகளுடையதுதான். ஆனால் வீட்டில் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவள் அங்கே பேசிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஒரு தடவை சிரித்தாள்கூட. அந்த மொழிகளில் அவளுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதில் ஒரு வருடமாக ஒரு பட்டப்பெயரோடு நடந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் எண்ணெயில் அமிலம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெளியே வந்த ஆலோசகர், "ஏன் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் இருங்கள். அவளுக்குச் சொல்லத் தோன்றும்போது சொல்வாள்" என்றார். வீட்டில் மருந்து, கத்தி, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொன்னார். தலையாட்டினேன்.

7

இப்போது வீட்டில் இருக்கிறாள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. பள்ளிக்கு எப்போது போவாள், அதே பள்ளிக்குத்தானா என்று தெரியவில்லை. தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசினோம், விசாரிப்பதாகச் சொன்னார். ரந்தாவ் பட்டணத்துக்குள்ளோ லோபாக்கிலோ வீடு மாற்றலாம் என்று சாந்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். காக் ரோஸ் தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே வராமலேயே திரும்பிப் போகிறார். நான் நீண்ட விடுப்பில் இருக்கிறேன். சாந்தி கடைக்குப் போனதும் கூடத்தில் நானும் தர்ஷினியும் மட்டும். அவள் சோபாவில் படுத்துப் போனைப் பார்ப்பாள். நான் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். குளியலறையில் கொஞ்சம் தாமதமானால் கதவருகே போய் நிற்பேன். அது அவளுக்குத் தெரியும். உள்ளேயிருந்தே, "இருக்கேன்பா" என்பாள்.

ஆலோசகரின் சொல்லைக் காப்பாற்றினேன். ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் கேட்காத நேரம் ஒன்றுகூட இல்லை. என் பிள்ளை சாக நினைத்தாளா? நாளைக்கும் நினைப்பாளா? சோறு பிசையும்போதும், அவள் தட்டைக் கழுவும்போதும் அது ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று மத்தியானம் அவளாகவே கூப்பிட்டாள்.

"பா."

"சொல்லு கண்ணு."

"அந்தக் கவுன்சலர் மிஸ்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொன்னா நல்லதுன்னு சொன்னாங்க. கட்டாயம் இல்லையாம்."

பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன்.

"மொத மடக்குலயே தெரிஞ்சுருச்சு, அது மாத்தா கூச்சிங் இல்லன்னு. மொத மடக்குக்கு முன்னாடியே தெரியும். மூடி செவப்புதானே."

"ம்."

"சாகணும்னு இல்லபா. அம்மா அப்படித்தான் நெனைக்கிறாங்க. கிச்சன்ல நின்னு அழுவுறாங்க, எனக்குக் கேக்குது. நான் அப்படி நெனைக்கல."

"பின்ன ஏன் சாமி?"

கூரையைப் பார்த்தபடியே பேசினாள். இடையிடையே இருமல் வந்தது. "டோபில போட்ட சட்டையப் போட்டுட்டுப் போன அன்னைக்கும் கிலாங்குன்னுதான் கூப்புட்டாங்க. செண்ட் அடிச்சுப் பாத்தேன். காலையில ரெண்டு தடவ குளிச்சுப் பாத்தேன். அப்பவும் அதே. அப்புறம் நெனைச்சேன், சட்டையில இல்ல போலன்னு. நான் இங்கயே பொறந்தேன்ல. இந்தக் காத்தையேதான இழுக்குறேன். உள்ள போயி ஊறிருச்சு போல, அங்கேர்ந்து வருது போலன்னு. நீங்க நக்கிக் காட்டுவீங்கள்ல, கொடலுக்குள்ள போனாலும் ஒண்ணும் செய்யாதுன்னு. சரி, உள்ளயும் கழுவிட்டாப் போயிரும்னு..."

சாகவில்லை, சாக நினைக்கவும் இல்லை. நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஒரு கணம் அடைந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அதற்கு அடுத்த கணம், அந்தச் சமையலறையில் தனியாக நின்று, ஒவ்வொரு மடக்காக, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன்னைத் துவைக்கப் பார்த்த பிள்ளையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

கோபிசெட்டிபாளையத்து அம்மாவுக்கு: கொட்டை நீர் உங்கள் மருமகளின் கைக்கு நல்லது. குடிக்கும் பாட்டிலில் ஊற்றாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். யாராவது விழுங்கிவிட்டால், இயற்கைதானே என்று வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் யாருக்காவது அது வேண்டாம் என்று இருந்தால், எதற்காக வேண்டாம் என்கிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். நான் போன ஆண்டு எழுதியதை இத்துடன் சேர்த்துப் படியுங்கள்.

இருமல் அடங்கிய பிறகு தர்ஷினி எழுந்து உட்கார்ந்தாள். சோபாவில் காலை மடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உண்மையச் சொல்லுங்கபா. இப்ப நாறுதா?"

இல்லை என்ற சொல் நாக்கின் நுனியிலேயே இருந்தது. எத்தனையோ தடவை சொன்ன சொல். எழுந்து போய் அவள் பக்கத்தில் குனிந்தேன். தலைமுடியில் முகம் வைத்து மூச்சை இழுத்தேன். கழுத்தருகே, தோள் மடிப்பில், இவள் குழந்தையாக இருந்தபோது தோல் வெடித்த இடத்தில் மூக்கை வைத்து நெடுநேரம் இழுத்தேன். வெளியே ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. எனக்கு எதுவுமே வரவில்லை. ஆலை வாடையும் வரவில்லை, மருந்து வாடையும் வரவில்லை, என் பிள்ளையின் வாசமும் வரவில்லை.

"எனக்குத் தெரியல கண்ணு" என்றேன்.

திறந்திருந்த ஜன்னல் வழியே ஆலையைப் பார்த்தாள்.

"அதத்தான்பா நான் சொன்னேன்" என்றாள்.